சாவியும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து நாம் வெளியே வரும்போது, பள்ளிவாசல் தூணோரம் ஓர் இளைஞர் காத்திருந்தார். நகரத்தில் ஒரு வணிக அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை அவருக்கு. பணம் அனுப்பும் கணக்கின் பாஸ்வேர்டை முதலாளி அவரிடம் மட்டுமே கொடுத்திருந்தார். தம் தங்கையின் நிகாஹுக்காக நான்கு நாட்கள் விடுப்பில் சென்றபோது, வேலை நின்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், உடன் வேலை செய்யும் நண்பரிடம் அதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நண்பர் மறந்துவிடாமலிருக்க அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கம்ப்யூட்டருக்கு அருகிலேயே ஒட்டி வைத்துவிட்டார். இரண்டு வாரங்களில் ஒரு பெருந்தொகை முன்பின் தெரியாத ஒரு கணக்குக்குப் போய்விட்டது. பதிவேட்டில் இருந்ததோ நம் இளைஞரின் பெயர்.

"ஹஜ்ரத், நான் ஒரு காசு எடுக்கவில்லை. அந்த நண்பரும் எடுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இரவில் தூக்கம் வரவில்லை. அல்லாஹ்விடம் நான் குற்றவாளியா?" என்று கேட்டார்.

"எடுக்காதவர் ஏன் அஞ்ச வேண்டும் தம்பி? மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் போன பிறகு நம் மனம்தான் அமைதியடையவில்லை. அன்றிரவு ஃபிக்ஹு நூலில் 'வதீஅத்' எனப்படும் அடைக்கலப் பொருளின் பாடத்தைப் புரட்டினோம். நாம் சொன்னது பாதி விடைதான் என்பது தெரிந்தது. மீதிப் பாதியை இங்கே எழுதுவது நம் கடமை என எண்ணுகிறோம்.

சாவியின் கண்ணியம்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630-இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. கஃபாவின் சாவி தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தாரிடம் இருந்து வந்தது. அன்று அதை வைத்திருந்தவர் உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சாவியைப் பெற்றுக் கதவைத் திறந்து உள்ளே சென்றார்கள். வெளியே வந்தபோது, அந்தச் சாவியைத் தங்கள் குடும்பத்துக்கே தந்தருள வேண்டுமென அன்னாரின் நெருங்கிய உறவினர் விரும்பிக் கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் அறிவிக்கிறார்கள். நகரமே கையில் வந்துவிட்ட நேரம். கொடுத்திருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் உஸ்மான் இப்னு தல்ஹாவை அழைத்துச் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடும் திருவசனத்தை (4:58) விளக்கும் முஃபஸ்ஸிரீன்களில் பலர் இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டுகிறார்கள். அக்குடும்பத்தாரிடமே கஃபாவின் சாவி இன்றளவும் இருந்து வருகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே கைமாறியது பொன்னன்று, பொருளன்று. ஒரு சாவி மட்டுமே. சாவிக்கென்று தனி விலை ஒன்றுமில்லை. அது எதைத் திறக்கிறதோ அதன் கண்ணியமே அதற்கும் உண்டு.

அலுவலகத்தில் நம்மிடம் தரப்படும் பாஸ்வேர்டும் இத்தகையதே. பார்ப்பதற்கு அது எட்டுப் பத்து எழுத்துகள். அதற்குப் பின்னால் இருப்பதோ முதலாளியின் பணம், நூறு தொழிலாளர்களின் சம்பளப் பட்டியல், வாடிக்கையாளரின் முகவரி, நோயாளியின் இரகசியம். நம்மை நம்பி நம்மிடம் நேரடியாகக் கொடுத்தவர் ஒருவர்தான். நம்மை அறியாமலேயே அதில் அடைக்கலமாகியிருப்பவர்கள் ஆயிரம் பேர்.

'ஹிர்ஸ்' என்றால் என்ன?

அடைக்கலப் பொருளைப் பற்றி நம் இமாம்கள் வகுத்துள்ள சட்டம் மிக நுட்பமானது. பொருளை வாங்கி வைத்தவரின் கை 'யதுல் அமானத்', அதாவது நம்பிக்கையின் கை. அவர் உரிய முறையில் பாதுகாத்தும் பொருள் அழிந்துவிட்டால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வரம்பு மீறினாலோ, கவனக்குறைவாக இருந்தாலோ 'ளமான்', அதாவது ஈடு கொடுக்கும் பொறுப்பு, அவர் மீது வந்துவிடும்.

கவனக்குறைவு என்பது யாது? பொருளை அதற்குரிய 'ஹிர்ஸில்' வைக்காதது அதில் ஒன்று. ஹிர்ஸ் என்றால் ஒரு பொருளைப் பாதுகாக்க மக்கள் வழக்கத்தில் தகுதியானது என ஏற்றுக்கொண்ட இடம். ஆட்டுக்குப் பட்டி, தானியத்துக்குக் களஞ்சியம், பொன்னுக்குப் பூட்டிய பெட்டி. பொன்னை வாங்கி ஆட்டுப்பட்டியில் வைத்தவர், "நான் பத்திரமாகத்தானே வைத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. எது எதற்கு ஹிர்ஸ் என்பதை அந்தந்தக் காலத்து, அந்தந்த ஊரின் வழக்கமே முடிவு செய்யும்.

உரிமையாளரின் அனுமதியின்றி அடைக்கலப் பொருளை மற்றொருவரிடம் ஒப்படைப்பது இன்னொன்று. ஹனஃபீ மத்ஹபில் தம் குடும்பத்தார் மூலம் பாதுகாக்க இடமுண்டு. ஷாஃபியீ மத்ஹபில் தக்க காரணமோ அனுமதியோ இன்றி அதற்கும் இடமில்லை. அந்நியரிடம் கொடுத்தால் இரு மத்ஹபிலும் பொறுப்பு வந்துவிடும். நம் இளைஞர் செய்தது இதுதான். அவர் திருடவில்லை, ஆனால் தம்மிடம் தரப்பட்டதைத் தம் விருப்பத்துக்கு மற்றொருவர் கையில் கொடுத்தார். அந்த மற்றொருவர் அதை ஹிர்ஸ் இல்லாத இடத்தில் ஒட்டி வைத்தார்.

பொன்னை ஆட்டுப்பட்டியில் வைப்பவர்கள்

இன்று நம்மில் பலர் இந்தச் சாவியை எங்கே வைத்திருக்கிறோம்? பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, வண்டி எண். நம்மவர்களில் சிலர் பெயருக்குப் பின்னால் 786 சேர்த்துவிட்டால் பாதுகாப்பாகிவிட்டதென்று எண்ணுகிறார்கள். நம்மைத் தெரிந்த எவரும் முதலில் முயன்று பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும். குறை சொல்லும் நாமும் நீண்ட நாள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லையே வைத்திருந்தவர்தாம், அதை மறைப்பதற்கில்லை.

ஆறு சிறிய ஆங்கில எழுத்துகள் கொண்ட சொல்லை எத்தனை விதமாக அமைக்கலாம்? சுமார் 30 கோடியே 89 இலட்சம் விதம். மனிதருக்கு இது கடல். திருடப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு ஊகிக்கும் இயந்திரத்துக்கோ சில கணங்களின் வேலை. 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3 கோடியே 20 இலட்சம் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டபோது, அவற்றில் மக்கள் மிக அதிகமாக வைத்திருந்தது 123456 என்பதுதான்!

ஒரே சொல்லைப் பல இடங்களில் வைப்பது அதைவிடக் கேடு. 2021 மே 7-ஆம் நாள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் குழாய்களை நிறுத்த நேர்ந்தது. பயன்பாட்டில் இல்லாமல், ஆனால் மூடப்படாமலும் இருந்த ஒரு பழைய கணக்கின் வழியே திருடர்கள் நுழைந்திருந்தார்கள். அதன் பாஸ்வேர்டு எளிதில் ஊகிக்கக் கூடியதன்று என்றே நிறுவனத் தலைவர் சொன்னார். ஆயினும் அது வேறெங்கோ கசிந்த பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது சோதனையாக வேறெந்தக் காவலும் அக்கணக்குக்கு இல்லை. நிறுவனம் சுமார் 44 இலட்சம் டாலர் கப்பம் கட்டியது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் மனத்தை உருக்குவது. 158 ஆண்டுகள் பழமையான, சுமார் 500 லாரிகள் ஓடிய கேஎன்பி என்ற சரக்கு நிறுவனத்தின் கணினிகளை 2023-இல் கொள்ளையர்கள் முடக்கினார்கள். ஓர் ஊழியரின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்ததாகக் கருதப்படுகிறது. நிறுவனம் மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலையிழந்தனர். அந்த ஊழியரிடம் இதைத் தாம் சொல்லவில்லை என 2025-இல் அதன் இயக்குநர் ஒருவர் தெரிவித்தார். சொன்னால் அம்மனிதர் எப்படித் தாங்குவார் என்று எண்ணினார் போலும். உலகில் இப்படி மறைத்துவிடலாம். எழுநூறு அடுப்புகள் அணையக் காரணமாக இருந்ததை ஒருவர் அறியாமலேயே மவுத்தாகியும் விடலாம். ஆனால் எல்லா ஏடுகளும் விரிக்கப்படும் நாள் ஒன்று இருக்கிறதே!

இக்காலத்தின் பூட்டிய பெட்டி

அப்படியானால் பாஸ்வேர்டுக்கு இன்றைய ஹிர்ஸ் எது? நீண்டதாகவும் ஒன்றோடொன்று ஒப்பில்லாததாகவும் ஐம்பது அறுபது சொற்களை மனனம் செய்வது யாராலும் இயலாது. ஹாஃபிழ்கள் கூட அர்த்தமும் ஓசையும் உள்ளதைத்தான் மனனம் செய்கிறார்கள். அர்த்தமற்ற எழுத்துக் குவியலை அல்ல. இதற்கென ஏற்பட்டதே 'பாஸ்வேர்டு மேனேஜர்' என்னும் கருவி. பிட்வார்டன், கீபாஸ், ஒன்பாஸ்வேர்டு எனப் பல உள்ளன. சிலவற்றுக்குக் கட்டணமும் இல்லை.

அதன் வேலை எளிது. அது ஒரு பெட்டகம். ஒவ்வொரு கணக்குக்கும் நீண்ட, வெவ்வேறான சொற்களை அதுவே உருவாக்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் ஒரே ஒரு மூலச் சொல்லைத்தான். அச்சொல்லிலிருந்து ஒரு கணக்கை இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்து பெட்டகத்தின் பூட்டு அமைக்கப்படுகிறது. எனவே திருடன் ஒவ்வோர் ஊகத்துக்கும் அத்தனை உழைப்பையும் செய்தாக வேண்டும். ஒழுங்காக அமைந்த பெட்டகங்களில், அதை நடத்தும் நிறுவனத்தாருக்கே உள்ளிருக்கும் சொற்கள் தெரியா.

இன்னொரு நன்மையும் உண்டு. வங்கியின் தளத்தைப் போலவே கள்ளத் தளம் அமைத்து ஏமாற்றுகிறார்களே, அதில் நம் கண் மயங்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பெட்டகம் மயங்காது. தான் அறிந்த முகவரி அதுவன்று எனச் சொல்லைத் தராமல் நின்றுவிடும். அப்படி அது தயங்கும்போது நாமாகச் சொல்லைத் தேடி எடுத்து இடாமல், ஏன் தயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அலுவலகத்துக்கு இதன் பயன் பெரிது. யார் எந்தக் கணக்கைத் திறக்கலாம் என்பதைப் பொறுப்பாளர் பெட்டகத்திலேயே வகுக்கலாம். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவருக்கு நான்கு நாள் அனுமதி கொடுத்து, பிறகு எடுத்துவிடலாம். வேலையை விட்டுச் செல்பவரின் அனுமதியை அன்றே நீக்கி, அவர் பார்த்த சொற்களையும் மாற்றிவிடலாம். தொலைபேசியில் சொல்வதும் காகிதத்தில் ஒட்டுவதும் தேவைப்படாது.

முன்பெல்லாம் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றியே தீர வேண்டுமென்று சட்டம் போட்டார்கள். மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வைத்தார்கள். 2003-இல் இந்த அறிவுரையை எழுதிய அமெரிக்க அதிகாரி பில் பர், அதில் பெரும்பகுதிக்காகத் தாம் வருந்துவதாக 2017-இல் ஒப்புக்கொண்டார். நீளமாக வைத்தல், கசிந்தது தெரிந்தால் மாற்றுதல் என்பதே இன்றைய வழிகாட்டல். தாம் சொன்னது தவறெனத் தெரிந்தபோது அதை மறைக்காமல் சொல்வது அறிவுடையோர்க்கு அழகு. முதல் நாள் தவறான ஆறுதல் சொன்ன நமக்கும் அதில் பாடம் உண்டு.

மூன்று ஐயங்கள்

இதைச் சொன்னவுடன் சிலர், "கூட வேலை செய்பவரை நம்பாமல் பூட்டுவது ஸூஉள்ளன் இல்லையா? கெட்ட எண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறதே!" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்த நாயகம் (ஸல்) அவர்களைக் காண அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் வந்தார்கள். அன்னையாரை வழியனுப்ப எழுந்தபோது அன்ஸாரிகள் இருவர் அவ்வழியே கடந்து சென்றனர். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விருவரையும் நிறுத்தி, உடன் இருப்பவர் ஸஃபிய்யாதான் எனத் தெளிவுபடுத்தினார்கள். சந்தேகமே தீண்ட முடியாத உத்தமர், சந்தேகத்தின் வாசலை ஏன் அடைத்தார்கள்? பிறர் உள்ளத்தில் ஷைத்தான் எதையும் போட்டுவிடக் கூடாதென்பதற்காக. கடன் சிறிதானாலும் பெரிதானாலும் எழுதிக்கொள்ளும்படி அல்லாஹ் கட்டளையிடும் வசனம் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீண்டது. கடன் வாங்குபவரைத் திருடனென்றா அதற்குப் பொருள்? இல்லை, நாளை இருவர் இடையே ஐயம் எழாமல் காப்பதே நோக்கம். அவரவர் சாவி அவரவரிடம் இருந்திருந்தால், நம் இளைஞரும் அவர் நண்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசும் நிலை வந்திருக்குமா?

"பாதுகாப்பவன் அல்லாஹ். கருவியை நம்புவதா?" என்பது இரண்டாவது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா எனக் கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடை சிறு பிள்ளைகளும் அறிந்தது. யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம்மிடம் இரண்டு தகுதிகள் உண்டென்றார்கள். காப்பவர் என்பது ஒன்று. அறிந்தவர் என்பது மற்றொன்று. நாணயம் மட்டும் இருந்து, காக்கும் வகை தெரியாதிருந்தால் களஞ்சியம் நிலைக்காது.

மூன்றாவது ஐயம் கனமானது. "எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் வைத்தால், பெட்டியே போய்விட்டால்?" என்பது அது. வீணான அச்சமன்று. லாஸ்ட்பாஸ் என்ற பெட்டக நிறுவனத்திலிருந்து 2022-இல் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடப்பட்டன. உள்ளிருந்த பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டே இருந்தன. எனினும் எந்தெந்தத் தளம் என்ற முகவரிகள் பூட்டப்படாமல் இருந்தன. எளிய மூலச் சொல் வைத்தவர்களுக்கே ஆபத்து மிகுதி. ஆகவே மூலச் சொல் நீண்டதாகவும், வேறெங்கும் பயன்படுத்தாததாகவும் இருக்க வேண்டும். தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வைப்பது நல்லது. கைபேசியில் வரும் இரண்டாவது சோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தபின்னும் ஒன்று நடந்துவிட்டால், அதுதான் இமாம்கள் சொன்ன, ஈடு கொடுக்க வேண்டாத இழப்பு. குறையே இல்லாத பெட்டியை ஷரீஅத் நம்மிடம் கேட்கவில்லை. தகுதியான பெட்டியைக் கேட்கிறது.

வீட்டிலும் ஒரு பாடம்

நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீட்டுக்குத் தாமதமாக வந்த மகனிடம் தாயார் காரணம் கேட்டார்கள். அது இரகசியம் என்றார் மகன். வேறு தாயாக இருந்தால் என்னிடமுமா மறைக்கிறாய் என்று கடிந்திருப்பார்கள். உம்மு ஸுலைம் (ரலி) அவர்களோ, அல்லாஹ்வின் தூதருடைய இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என மகனுக்கு உறுதி சொன்னார்கள். கணவரின் அலுவலகச் சாவியைக் கேட்காத மனைவியும், மகன் சொல்லாததற்காக வருந்தாத தாயும் அமானிதத்தைக் காப்பதில் பங்காளிகளே.

ஆனால் நம் சொந்தக் கணக்குகளின் நிலை வேறு. வஸிய்யத் செய்ய வேண்டியது இருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கலாகாதென்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. நம் கடனும் வரவும் கைபேசிக்குள்ளேயே பூட்டப்பட்டு, நாம் மவுத்தானபின் வாரிசுகள் வாசலில் நின்று தவிப்பது முறையாகாது. மூலச் சொல்லை ஓர் உறையில் எழுதி முத்திரையிட்டு, நம்பிக்கையானவர் அறியும் இடத்தில் பூட்டி வைப்பது நல்ல வழி.

மீதிப் பாதி விடை

அடுத்த வாரம் அந்த இளைஞரைத் தேடிச் சென்று, "தம்பி, அன்று நாம் அவசரப்பட்டுவிட்டோம். திருட்டின் பாவம் உங்கள் மீதில்லை. ஆனால் அனுமதியின்றிச் சாவியைக் கைமாற்றிய பொறுப்பு உண்டு. அதை முதலாளியிடம் சொன்னீர்களா?" என்று கேட்டோம். அவர் தலை குனிந்தார். சொல்லவில்லை. வேலை போய்விடுமென்ற அச்சம். நண்பரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமோ என்ற கூச்சம் வேறு.

"நண்பரைப் பற்றி நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றோம். மறுநாள் சென்று சொல்லிவிட்டார். முதலாளி உடனே மன்னித்துவிடவில்லை. சில நாட்கள் பேசவேயில்லை. பிறகு, ஒருவர் விடுப்பில் போனால் வேலை எப்படி நடக்குமென்று தாமும் ஏற்பாடு செய்யவில்லை என்பதை உணர்ந்து, இழப்பில் பாதியைத் தாமே ஏற்றுக்கொண்டார். மீதியை இளைஞர் மாதாமாதம் சம்பளத்தில் கொடுத்து வருகிறார். அலுவலகத்தில் இப்போது பெட்டகம் வந்திருக்கிறது. பணத்தை எடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அல்லாஹ் அறிவான்.

"கடன் இருக்கிறது ஹஜ்ரத். ஆனால் தூக்கம் வருகிறது" என்றார் அவர்.

மக்காவாசிகள் நாயகத்தைக் கொல்லச் சூழ்ச்சி செய்த இரவிலும், அவர்களுடைய அடைக்கலப் பொருட்கள் நாயகத்தின் வீட்டிலேயே பத்திரமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்கள் மக்காவில் தங்கினார்கள். பகைவரின் பொருளுக்கே அத்தனை காவல் என்றால், நமக்குச் சம்பளம் தந்து நம்மை நம்புகிறவரின் சாவிக்கு எத்தனை காவல் வேண்டும்!

நாளைக் காலை அலுவலகம் செல்லும் சகோதரர்களும் சகோதரிகளும் தங்கள் மேசையை ஒருமுறை பார்க்கட்டும். அங்கே காகிதத் துண்டு எதுவும் ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும்.

நம்மிடம் தரப்பட்டவற்றைக் காக்கும் நாணயத்தையும், காக்கும் வகை அறியும் அறிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.